அக்காவின் மேற்குச் சுவர்

சுவரில் ஓட்டையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. முப்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட வியாதி. யார் வீட்டுக்குப் போனாலும் குடிக்கத் தண்ணீர் வருவதற்குள் சுவரைத் தட்டிப் பார்த்துவிடுவேன்.

அக்கா ஊருக்கு வெளியே வயலோரத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். நாற்பது வருடம் தையல் மிஷினோடு மல்லுக்கட்டியதில் கண்ணில் புரை விழுந்துவிட்டது. மிஷினை மூலையில் தள்ளியவள், மங்கலாகத் தெரிந்த மட்டும் பூச்சிகளை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள். வெயில் காலம் தொடங்கினால் போதும், தினமும் மத்தியானம் போன் வந்துவிடும். தும்பி வந்தது, ஓணான் கழுத்து சிவந்தது, ஏதோ ஒரு தேனீ ரோஜா இலையைக் கத்தரித்துத் தூக்கிக்கொண்டு போகிறது. அதற்குத் தையக்காரி என்று பட்டப்பெயர் வேறு. நான் போனைச் சாரத்துப் பலகையில் வைத்துவிட்டு என் பூச்சு வேலையைப் பார்ப்பேன். நடுநடுவே ஒரு "ம்ம்", ஒரு "சரிக்கா". பைத்தியம் மாதிரிப் பேசுகிறாளே என்று மனதுக்குள் சிரித்ததும் உண்டு.

கண் ஆபரேஷனுக்காக அக்காவை அவள் மகள் வந்து டவுனுக்கு அழைத்துப் போனாள். சாவி என்னிடம் வந்தது. ஒரு வருடமாக அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத உறுத்தல் எனக்கு. புதுக் கண்ணோடு வருகிறவள் நல்ல சுவரைப் பார்க்கட்டும் என்று, அவள் வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது சிமெண்டும் பூச்சுக் கரணையுமாகப் போனேன்.

மேற்குச் சுவர் சல்லடையாகக் கிடந்தது. சில ஓட்டைகளில் காய்ந்த இலைச் சுருள் அடைத்திருந்தது. குப்பை என்று கரணை முனையால் நோண்டி எறிந்தேன். வராததை உள்ளேயே வைத்துச் சிமெண்டைத் திணித்தேன். மறுநாள் சாயங்காலம் வெள்ளை அடித்து முடித்தபோது, எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

அடுத்த நாள் காலையில் அக்கா கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினாள். வீட்டுக்குள் போகவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு நேரே மேற்குப் பக்கம் போனாள். பாராட்டை எதிர்பார்த்து, வெட்கமில்லாமல் நானும் பின்னால் போனேன்.

"ஓட்டையெல்லாம் எங்கடா?"

அடைத்துவிட்டேன் என்றேன்.

"ஆபரேஷனுக்கு முதல் நாள் போன்ல சொன்னேனேடா. தையக்காரி அந்த ஓட்டைக்குள்ளதான் இலையைச் சுருட்டி முட்டை வச்சிருக்கா, நான் வர்ற வாரம் பிள்ளைங்க வெளிய வரும், கண்ணு தெரிஞ்சதும் அதைத்தான் முதல்ல பாக்கணும், யாரும் சுவத்துல கை வைக்காம பாத்துக்கன்னு. நீ சரிக்கான்னு சொன்னியே."

சொல்லியிருப்பேன். என்ன கேட்டாள் என்று ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. அவளுக்கு ஆசை என்று இருந்ததே அது ஒன்றுதான். அதையும் நான் என் கையாலேயே பூசி மெழுகியிருக்கிறேன். உளியை எடுக்க ஓடினேன்.

"விடுடா. உள்ள ஈரம் இறங்கியிருக்கும். இனிமே உடைச்சு என்ன பண்ண?"

திட்டியிருந்தால் தேவலை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கையை வைத்துக்கொண்டாள். காலில் விழலாமா என்றுகூட நினைத்தேன். சுவரில் சாத்திவைத்த மண்வெட்டி மாதிரி நின்றேன்.

அப்போது அது வந்தது. வயிற்றுக்கு அடியில் வட்டமான பச்சை இலைத் துண்டு. வழக்கமான இடத்துக்கு வந்து வெள்ளையில் முட்டியது. விலகிப் போய், மறுபடி வந்து முட்டியது. ஒரு சாண் மேலே தேடியது, ஒரு சாண் கீழே தேடியது. அக்கா டாக்டர் சொன்னதையும் மீறிக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நல்லாத் தெரியுதுடா," என்றாள். "இலையைக் காலால இடுக்கிப் பிடிச்சிருக்கறதுகூடத் தெரியுது."

தேனீ சுவர் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தது. நுழைய ஒரு மயிரிழைக் கீறல்கூட நான் விட்டுவைக்கவில்லை.