வேதநாயகியின் விரதம்

என் ஓரகத்தி வேதநாயகிக்குத் தைராய்டு குறைவு என்று தொண்ணூற்றெட்டில் டாக்டர் சொன்னார். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தே நம்பவில்லை. வெயில் காலத்திலும் ஸ்வெட்டரோடு குழாயடிக்கு வருபவளைப் பார்த்து, "சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷ் பேரா?" என்று சிரித்தார்கள். மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம் காபி கூடாது என்றதற்கு மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் காபியை நீட்டியபோது, "விரதம் அத்தை" என்றாள் வேதநாயகி.

அவ்வளவுதான். டாக்டரை நம்பாத சனம் விரதத்தை நம்பியது. குழாயடியில் முதல் குடம் அவளுக்கு என்றானது. அந்த மூளைக்கு நான் கும்பிடு போட்டேன்.

மாமியார் பயபக்தியோடு கேட்டார்: "எந்தச் சாமிக்கும்மா?"

"என்னைத் தினம் எழுப்பி வேலைக்கு அனுப்பற சாமிக்கு அத்தை. சின்னதா, வெள்ளையா, ரவுண்டா இருக்கும்."

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.