மரமே மரமே குடை பிடி

அருள்மொழி டீச்சருக்குப் பாட்டு வரும். நன்றாகப் பாடுவாள் என்று சொல்லவில்லை. குரல் சுமார்தான், மேலே போனால் கீறும். ஆனால் எதைக் கொடுத்தாலும் பாட்டாக்கிவிடுவாள். வாய்ப்பாடு, வாரத்தின் நாட்கள், கை கழுவுவது, மூக்குச் சிந்துவது, எல்லாவற்றுக்கும் அவளிடம் பாட்டு உண்டு. மெட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நாலு சுரத்துக்குள் ஏறி இறங்கும். மேசையைத் தட்டினால் அதுவே தாளம். சின்னசேலத்திலிருந்து பஸ் மாறி மாறி, மலையில் கரியாலூருக்கு மேலே இருக்கும் அந்தத் தொடக்கப்பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் ஒரு பாட்டு தயாராகிவிடும். முணுமுணுத்துக்கொண்டே விரலால் தொடையில் தட்டுகிறவளைப் பார்த்து, இந்தப் பெண்ணுக்கு என்ன கோளாறோ என்று பக்கத்து சீட்டுக்காரர்கள் தள்ளி உட்காருவார்கள்.

அப்படிப் பஸ்ஸில் பிறந்ததுதான் மழைப் பாட்டு.

சடசடன்னு மழை வருது
சாமைக் காடு நனையுது
மரமே மரமே குடை பிடி
மாறன் வந்தான் இடம் கொடு

வகுப்பிலேயே உயரமான பிள்ளை நடுவில் மரமாகக் கை விரித்து நிற்க வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைப் பாடிக்கொண்டு ஓடிவந்து அந்தக் கைக்கடியில் ஒண்ட வேண்டும். மாறன் இருக்கும் இடத்தில் எந்தப் பெயரும் உட்காரும். முதலில் அவன் பெயர் வந்ததற்குக் காரணம், பாட்டைச் சொல்லிக் கொடுத்த அன்று மூன்றாம் வகுப்பு இளமாறன் நேர் எதிரே உட்கார்ந்து மூக்கை நோண்டிக்கொண்டிருந்தான் என்பதுதான். அந்தப் பையனோ பாட்டையே தன் பெயருக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்ட மாதிரி நடந்துகொண்டான். அவன் ஓடாமல் வேறு யாரும் முதலில் ஓடக் கூடாது.

தலைமையாசிரியர் ராஜாங்கம் அதைப் போனில் எடுத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கள்ளக்குறிச்சியில் நடந்த பயிற்சியில் அவளை எல்லோர் முன்னாலும் பாடச் சொன்னார்கள். எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஏதோ ஒரு பள்ளியில்கூடப் பாடுகிறார்களாம். மலையில் மரவள்ளி பிடுங்கும் பெண்கள் நாலு தூறல் விழுந்தால் போதும், ஒருத்தி பெயரை ஒருத்தி வைத்துப் பாடிச் சிரித்தார்கள். அருள்மொழிக்குப் பெருமையாக இருந்தது. அதில் தப்பில்லை, யாருக்கானாலும் இருக்கும்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், பள்ளி விட்டு வீட்டுக்குப் போகும் வழியில் இளமாறன் மின்னல் தாக்கிச் செத்துப்போனான்.

எல்லைச் சாமிக்குக் குறை வைத்துவிட்டார்கள் என்றது ஊர். விதி என்றார் ராஜாங்கம். அருள்மொழியும் அழுதாள், மாலை வாங்கிப்போட்டாள், எல்லோரையும் போலத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரம் கழித்துத்தான் அவன் தங்கை அபிநயா பள்ளிக்கு வந்தாள். ஒன்றாம் வகுப்பு. மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே சொன்னாள்.

"அண்ணன் பாடிக்கினே மரத்தாண்ட ஓடுச்சி டீச்சர். மரமே மரமே, மாறன் வந்தான் எடம் குடுன்னு. என்னியும் வா வான்னுச்சி. நானு பின்னாடியே ஓடுனேன், எட்டல."

ஓட்டத்தில் பின்தங்கியதால் பிழைத்த குழந்தை, எட்ட முடியாமல் போனதற்காக உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றது. அதை வேறு யாரிடமாவது சொன்னாயா என்று அருள்மொழி கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு அபிநயா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இடி இடிக்கும்போது மரத்தடியில் நிற்கக் கூடாது என்பது அருள்மொழிக்குத் தெரியாதா? அறிவியல் பாடத்தில் அவளே நடத்தியிருக்கிறாள். ஆனால் பாட்டு எழுதும்போது மழைதான் மனதில் இருந்தது, இடி இல்லை. பாடம் பிள்ளைகளுக்கு மறந்துபோகும். மறக்காமல் இருக்கத்தானே பாட்டே கட்டுகிறாள்.

ராஜாங்கத்திடம் மட்டும் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் பிரச்சினை என்று ஒன்று வந்தால் முதலில் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடப் பார்ப்பார். மழை பெய்தால் மாடுகூட மரத்தடிக்குத்தான் போகும், அதற்கு நீயா பாட்டுச் சொல்லிக் கொடுத்தாய், பேசாமல் இரு அம்மா, நீயாகப் போய்த் தலையைக் கொடுக்காதே என்றார். அவள் பேசாமல் இருந்தாள். அந்தப் பாட்டை வகுப்பில் பாடுவதை மட்டும் நிறுத்தினாள். பிள்ளைகள் நிறுத்தவில்லை. மணி அடித்ததும் மைதானத்தில் பாடினார்கள், தண்ணீர்க் குழாயடியில் பாடினார்கள். வேண்டாம் என்று அதட்டினால் ஏன் என்று கேட்டார்கள்.

இளமாறனின் அம்மா சாலம்மாள் கூலி வேலைக்குப் போகிறவள். வழியில் பார்க்கும்போதெல்லாம் நின்று, சாப்பிட்டீங்களா டீச்சர் என்று கேட்பாள். அந்தக் கேள்வி அருள்மொழியைக் கொன்றது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறுவதும், சொல்லாமலே இறங்கி வருவதுமாக கார்த்திகை, மார்கழி, தை எல்லாம் ஓடிப்போயின. பஸ்ஸில் இப்போது எந்தப் பாட்டும் வரவில்லை. பக்கத்து சீட்டுக்காரர்கள் நிம்மதியாக உட்கார்ந்து வந்தார்கள்.

மாசியில் ஆண்டு விழா வைத்தார்கள். அதற்கு முன்னால் ஒருநாள் சாலம்மாள் பள்ளிக்கே வந்துவிட்டாள். மழைப் பாட்டை விழாவில் வைக்க வேண்டும், அபிநயா அவள் அண்ணன் இடத்தில் ஓட வேண்டும், பையன் நினைவாக அது ஒன்றாவது இருக்கட்டும் என்று கேட்டாள். ராஜாங்கம் உடனே சரி என்றுவிட்டார். அருள்மொழிக்கு மறுக்கவும் முடியவில்லை, ஒப்பவும் முடியவில்லை. கடைசியில், மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு வார்த்தையை மாற்றினாள்.

சடசடன்னு மழை வருது
வானம் இடி இடிக்குது
மரத்தை விட்டு விலகி ஓடு
வீட்டைப் பார்த்து விரைந்து ஓடு

பாட்டாகவே இல்லை, மின்வாரியத்து அறிவிப்பு மாதிரி இருந்தது. இருந்தாலும் பிள்ளைகள் டீச்சர் முகத்தைப் பார்த்துப் பயந்து நாலே நாளில் படித்துவிட்டார்கள். கை விரித்து நிற்கும் மரத்தை விட்டு விலகி, மேடை ஓரத்தில் அட்டையில் செய்த வீட்டுக்கு ஓட வேண்டும். ஒத்திகையில் ஒருவர்கூடத் தவறவில்லை. பாட்டைத் திருத்திவிட்டோம், இனி யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்றுகூட அருள்மொழி நினைத்துக்கொண்டாள். மெட்டு அதேதான் என்பதையும், அதைக் கேட்க வருகிறவர்கள் யார் என்பதையும் அவள் யோசிக்கவில்லை.

விழா அன்று ஊரே மைதானத்தில் உட்கார்ந்திருந்தது. சாலம்மாள் முன்வரிசையில் தரையில், நல்ல சேலை கட்டிக்கொண்டு. அருள்மொழி மேசையைத் தட்டினாள். முதல் வரியைப் பிள்ளைகள் பாடினார்கள். இரண்டாவது வரிக்குள் ஊர் சேர்ந்துகொண்டது. தெரிந்த மெட்டு, தெரிந்த பாட்டு. கை தட்டிக்கொண்டு பழைய வார்த்தைகளையே பாடினார்கள். இடி இடிக்குது என்று பிள்ளைகள் மெல்லியதாக ஆரம்பித்ததைச் சாமைக் காடு நனையுது என்று பெரியவர்களின் குரல் மூடிக்கொண்டது. மரமே மரமே குடை பிடி என்று மைதானமே கத்தியது. எல்லோருக்கும் மேலே சாலம்மாளின் குரல் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். மாறன் வந்தான் இடம் கொடு.

மேடையில் பிள்ளைகள் ஒருகணம் திகைத்தார்கள். பிறகு அவர்களுக்கும் பழைய பாட்டே வாயில் வந்துவிட்டது. அட்டை வீட்டைத் திரும்பியும் பார்க்காமல் சிரித்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார்கள். முதலில் ஓடியவள் அபிநயா. இந்தத் தடவை எட்டிவிட்டாள்.

அருள்மொழி மைக்கைப் பிடுங்கினாள். நிறுத்துங்கள் என்றாள். கை தட்டல் ஓய ரொம்ப நேரமாயிற்று. ராஜாங்கம் வேண்டாம் வேண்டாம் என்று கை காட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தும் பார்க்காதவளாக, இடி இடிக்கையில் மரத்தடியில் நின்றால் மின்னல் தாக்கும், இந்தப் பாட்டு தப்பு, இதை எழுதியது நான், இளமாறன் இதைப் பாடிக்கொண்டேதான் அந்த மரத்துக்கு ஓடியிருக்கிறான் என்று சொன்னாள். சொல்லி முடிக்கும்போது குரல் கீறியது. யார் வேண்டுமானாலும் வந்து அடிக்கட்டும் என்றுதான் நின்றாள். மேடையில் மரமாக நின்ற பெண் கையை இறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விரித்தபடியே நின்றாள்.

யாரும் அடிக்கவில்லை. சாலம்மாள்தான் எழுந்தாள். மேடைக்குக் கிட்டத்தில் வந்து, வேறு யாருக்கும் கேட்காத மாதிரி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மரத்தாண்ட போவாம இருந்தா, நனைஞ்சிக்கினே வூட்டுக்கு வந்து சேந்துருப்பானா டீச்சர்?"

பொய் சொல்லலாமா என்று அருள்மொழி நினைத்தாள். ஏற்கெனவே மாசிவரை சொல்லாமல் இருந்தது போதும்.

"வந்துருப்பான்" என்றாள்.

சாலம்மாள் தலையை ஆட்டினாள். மேடையில் மரத்தடியில் நின்ற மகளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"போன வருச மழையில சளி புடிச்சி கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில கெடந்தான். அதான் இடி வுழுந்த அன்னிக்கி காலைல, நனைஞ்சிக்கினு வந்தீனா தோல உரிச்சிருவேன்னு சொல்லித்தான் அனுப்புனேன். நீங்க மைக்ல சொல்லிட்டீங்க டீச்சர். நானு எங்க போயி சொல்றது?"

அருள்மொழி மேடையிலிருந்து இறங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.