சூட்டு மண்

தார்ப்பாயில் குவித்திருந்த மண்ணை லோர்னா இரண்டு கையாலும் புரட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் கிடந்த அப்பா வெர்ல் அவளை அதட்டிக்கொண்டிருந்தார். உடம்பில் எல்லாம் ஓய்ந்துவிட்டது, தொண்டை மட்டும் ஓயவில்லை.

"ரத்தத்தூள் உரம் போட்டியா?"

"போட்டேன்ப்பா. ரெண்டு டப்பா."

"பிசினாரி. உங்கம்மா கை அப்படியே. இன்னும் ரெண்டு போடு. வௌவால் எச்சத்த மூட்டையோட கவுத்து. கோழி எருவும் போடு. பிசைஞ்சு நேரா தொட்டியில நெரப்பு."

கொஞ்ச நாள் ஊற வேண்டாமா என்று அவள் கேட்டாள். இந்த மலையில் செடி வளர்த்தது நீயா நானா என்று பதில் வந்தது. அவள் மூட்டையைக் கவிழ்த்தாள். மூக்கில் ஏறிய நெடியில் கண்ணில் நீர் வந்தது.

கலிபோர்னியாவின் ஹம்போல்ட் மலையில் கஞ்சா வளர்க்காத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் வெர்லின் 'மழைக்காக்கை' ரகம் வேறு யாரிடமும் கிடையாது. அதற்கு விதையும் இல்லை. தாய்ச்செடியிலிருந்து கொப்பு வெட்டி, வேர்விட வைத்து, அந்தக் குட்டிகளில் ஒன்றை அடுத்த தாயாக்கி, கஞ்சாவுக்குத் தடை இருந்து போலீஸ் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் சுற்றிய காலத்திலிருந்து, வெயிலுக்குப் பதில் மின்விளக்கு எரியும் அறைக்குள்ளேயே அவர் அதைக் காப்பாற்றி வந்தார். வீட்டை எப்போதோ விற்றுத் தின்றாயிற்று. அவர் கண்ணை மூடியதும் காலி செய்ய வேண்டும். கடைசிவரைக்கும் என்னைப் பார்த்துக்கொள், காக்கை உனக்கு என்று போனில் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் லோர்னா சாக்ரமென்டோவில் வேலையையும் வாடகை வீட்டையும் விட்டு வந்தாள். குட்டிகளோடு வந்தால், தான் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடாரத்தில் சரிபாதி இடம் தருவதாக, அப்பாவிடம் முன்பு வேலை பார்த்த ஆர்லோ சொல்லியிருந்தான். ஐம்பது வயதில் அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

வந்த நாளிலிருந்து மலம் அள்ளினாள், புண் துடைத்தாள். துடைக்கும்போதெல்லாம் அவர் பழைய கதையை எடுத்தார். அம்மா வீட்டை விட்டுப் போன அன்று லோர்னாவும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனது, லாரியில் ஏறும்போது திரும்பிக்கூடப் பார்க்காதது. பதினாறு வயசுப் பெண் என்ன செய்திருக்க முடியும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. கொப்புகள் வேர்விட்டதும், கிழட்டுச் செடி, பூச்சி வைக்கும் என்று தாய்ச்செடியையும் வெட்டி எருக்குழியில் போடச் சொன்னார். அவள் வெட்டிப் போட்டாள்.

மண் கலந்த அன்று மதியத்துக்குள் குட்டிகள் எல்லாவற்றையும் புது மண்ணில் நட்டுவிட்டு, ஒரு தொட்டியை அவரிடம் எடுத்துப் போனாள். அவர் குழாயைத் தள்ளிவிட்டு, ஒரு சிட்டிகை மண்ணை மூக்கருகே வைத்து நன்றாக இழுத்தார். முகம் மெல்ல மலர்ந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இப்பதான்டி நீ என் பொண்ணு."

லோர்னாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சின்ன வயதிலிருந்து இதைக் கேட்கத்தான் அவள் காத்திருந்தாள். வெயில் இறங்கும் நேரத்தில் அவர் செத்துப்போனார், அவள் மணிக்கட்டை விடாமலே. தனக்கும் ஒரு அப்பா இருந்தார் என்று, அடக்கம் வரைக்குமான நாலைந்து நாளும் அவள் மனம் நிறைந்து கிடந்தது.

அடக்கத்தன்று முற்றத்தில் ஆட்கள் ஆளுக்கொரு சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து சேர்ந்தார்கள். குட்டிகளின் இலைநுனி கருகுகிறது, தண்ணீர் போதவில்லையோ என்று லோர்னா ஆர்லோவை விளக்கு அறைக்குக் கூட்டிப்போனாள். எல்லா இலையும் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தது. ஆர்லோ ஒரு குட்டியைப் பிடுங்கினான். வேர் பழுப்பேறி, விரலில் கூழாக ஒட்டியது. மண்ணை மோந்தவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சூட்டு மண்ணு. எருவோட சூட்டுல வேரு வெந்துபோச்சு. கலந்து ஒரு மாசம் மூடி வெக்கணும், அதுவும் வளந்த செடிக்கு. குட்டிக்கு வெறும் நார்க்கழிவும் மண்புழு உரமும்தான். யாரு சொன்னா இப்படிக் கலக்க?"

"அப்பாதான்."

"குட்டி மண்ணுல ஒரு பிடி எச்சம் கலந்துட்டேன்னு என்னை மண்வெட்டிக் காம்பால அடிச்ச ஆளு அவரு." அவன் அவளைப் பார்க்காமல் கேட்டான். "தாய்ச்செடி இருக்கில்ல?"

"வெட்டச் சொன்னாரு."

ஆர்லோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "மருந்து மயக்கத்துல ஏதோ..."

"மயக்கம் இல்ல ஆர்லோ. அன்னிக்குக் காலைல அடுப்புல ரொட்டி கருகினத படுத்த இடத்துலேர்ந்தே வாசம் பிடிச்சு சொன்னாரு. இந்த மண்ண மோந்து பாத்தாரு." லோர்னா தன் மணிக்கட்டைத் துணியில் துடைத்தாள். "மோந்து பாத்துட்டுத்தான் சிரிச்சாரு."

வெளியே கூப்பிட்டார்கள். செத்தவரின் கடைசி அறுவடையைச் சுருட்டிப் பற்றவைத்து வட்டமாகக் கைமாற்றுவது அந்த மலையின் வழக்கம். யார் கைக்கு வருகிறதோ அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். தாராள மனசு என்றார்கள், யாருக்கும் துரோகம் நினைக்காதவர் என்றார்கள். கடைசியில் அது மகளிடம் வந்தது. எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"எனக்கு மண்ணு கலக்கச் சொல்லிக் குடுத்தாரு" என்றாள் லோர்னா. "சாகற அன்னிக்குக்கூட. ஒவ்வொரு பிடியும் அவர் சொன்னபடி போட்டதுதான்."

எதிரே ஒரு பெண் விசும்பினாள். ஆர்லோ தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். லோர்னா இழுக்காமல் சுருட்டை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். யாரோ அவள் மடியில் ஒரு தட்டு மக்ரோனியை வைத்தார்கள். தலை நிமிராமல் தின்று முடித்தாள். பிறகு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தட்டை நீட்டினாள்.