மூன்று விரல் இடம்

வீட்டை வாங்கியாகிவிட்டது, சாவிதான் கைக்கு வரவில்லை. தெரிந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்வதற்குள் லிஃப்ட்காரனுக்கும் அவன் மனைவிக்கும் போதும் போதும் என்றாகிவிடும். ஏரியைப் பார்த்த வீடு. நாலாவது மாடி. இருநூறு வருடத்துக் கட்டடம், அரசாங்கத்தைக் கேட்காமல் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. விலை மட்டும் பாதி. ஏன் பாதி என்றால், விற்ற வீட்டுக்காரம்மா உள்ளேயே இருப்பார். அவர் கண்ணை மூடினாலோ, முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தாலோதான் வீடு இவர்களுடையது. பிழைக்க வந்த அந்த நாட்டில் அப்படி வாங்குவதும் விற்பதும் சட்டப்படி நடப்பதுதான். ஆனாலும் நம் ஆட்களிடம் சொன்னால், "அப்ப அந்தம்மா எப்பக் கிளம்புவாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். லிஃப்ட்காரனும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பான்.

முழு விலை கொடுத்து வாங்க அவனுக்கு இன்னும் ஏழு ஜென்மம் வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த நகரத்து லிஃப்டுகளைப் பழுது பார்த்து ஊரையே மேலே ஏற்றிவிட்டவன், குடியிருந்தது என்னவோ தரைக்குக் கீழே. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டடத்துக்குப் பொதுவான துணி துவைக்கும் மெஷின்கள். ஜன்னல் தெருவின் மட்டத்தில் இருந்ததால் வெளியே தெரிவது போகிறவர் வருகிறவர் கால்கள் மட்டும். அவன் மனைவி அக்கம்பக்கத்தாரை முகத்தால் அறியமாட்டாள், செருப்பால்தான் அறிவாள். "பிரவுன் பூட்ஸ்காரருக்கு இன்னைக்கு என்னவோ அவசரம்" என்பாள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அவளுக்கு வளையே அலுத்துவிட்டது. வேண்டியது ஒரு ஜன்னல்.

வீடு பார்க்கப் போன முதல் நாள், படியேறும்போதே தரகர் காதோடு சொன்னார்.

"எது வேணா கேளுங்க. அந்தம்மாகிட்ட உடம்பைப் பத்தி மட்டும் கேட்டுடாதீங்க. இந்த மாதிரி வியாபாரத்துல அது ரொம்ப அசிங்கம்."

லிஃப்ட்காரன் பலமாகத் தலையாட்டினான். கதவு திறந்தது. எண்பத்தாறு வயது அம்மாள், மெலிந்த உருவம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. பெரியவர்களைக் கண்டால் நம் வாயில் முதலில் என்ன வரும்? அதுதான் வந்தது.

"வணக்கம்மா, உடம்பெல்லாம் எப்படி இருக்கு?"

தரகர் கூரையைப் பார்த்தார். மனைவி அவன் காலை மிதித்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. வீட்டுக்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்குச் சந்தோஷப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் வியாபாரம் படிந்தது. அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய்வருவார்கள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று மனைவி பழம் வாங்கிக்கொள்வாள். கதவைத் திறந்ததும், "உடம்பு நல்லா இருக்கு, உள்ள வாங்க" என்று அம்மாளே முந்திக்கொள்வார். மூவரும் ஏரியைப் பார்த்து உட்கார்ந்து காபி குடிப்பார்கள். மனைவி ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். திரைச்சீலைக்கு எந்த நிறம் என்று அவள் மனதுக்குள் பார்ப்பது லிஃப்ட்காரனுக்குத் தெரியும். அம்மாளுக்கும் தெரிந்திருக்கும்.

மூன்று வருடம் இப்படிப் போயிற்று. நாலாம் வருடம் அம்மாளின் முழங்கால் மக்கர் பண்ணியது. நாலு மாடிக்கு எழுபத்திரண்டு படி. இறங்கினால் ஏற முடியவில்லை, ஆகவே இறங்குவதையே விட்டுவிட்டார். "லிஃப்ட் இருந்தா இங்கயே இருக்கலாம், இல்லாட்டி முதியோர் இல்லம்தான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாளின் தங்கை மகள் ஒரு நல்ல இல்லமாகப் பார்த்து இடம் சொல்லிவைத்தாள்.

அந்தக் கட்டடத்தில் படிக்கட்டு சுற்றிச் சுற்றி ஏறும். அதன் நடுவில் மேலிருந்து கீழ்வரை கிணறு மாதிரி ஒரு காலி இடம். படிக்கட்டைத் தொட அரசாங்கம் விடாது, லிஃப்ட் வைத்தால் அந்தக் கிணற்றுக்குள்தான் வைக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். வெளியிலிருந்து எவனையாவது கூப்பிடுவானேன், நம்மிடமே ஒரு லிஃப்ட்காரர் இருக்கிறாரே என்றார்கள். "இடம் பத்துமா பத்தாதான்னு அவர் சொல்லட்டும். அவர் சொன்னா சரி."

பூனையைக் கூப்பிட்டுக் கருவாட்டுக்குக் காவல் வைத்தார்கள். அப்படி யாருக்கும் தோன்றவில்லை. லிஃப்ட் வந்தால் அவன் வீட்டுக்குத்தானே மதிப்பு கூடும் என்றுதான் நினைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை டேப்பை எடுத்துக்கொண்டு போனான். நாலாவது மாடியில் அம்மாள் கைப்பிடிக் கம்பியோடு ஒட்டி நின்று, "ஒரு முனையை என்கிட்ட குடுங்க" என்று கை நீட்டினார். இன்னொரு கையில் ஒரு காகிதமும் பென்சிலும். கிணற்றின் அகலத்தை அளந்தான். லிஃப்ட் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு: அளப்பவன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், கூட நிற்பவர் எழுதிக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிடும்.

"நூறு."

மூன்றாம் மாடிக்கு இறங்கி அளந்து மேலே குரல் கொடுத்தான். "தொண்ணூத்தொம்பது." இரண்டாம் மாடியில் தொண்ணூற்று ஒன்பது. முதல் மாடியிலும் கீழ்த்தளத்திலும் தொண்ணூற்றெட்டு. இருப்பதிலேயே சின்ன லிஃப்டுக்குத் தொண்ணூற்று மூன்று சென்டிமீட்டர் போதும். இடிக்காமல் இறங்கும், இன்னும் மூன்று விரல் இடம் மிச்சம். கீழே நின்று டேப்பைச் சுருட்டும்போது அவனுக்குத் தொழில்காரனின் சந்தோஷம் ஒன்று வந்தது, அதை மறுக்க முடியாது.

பிறகு எழுபத்திரண்டு படி ஏறினான். முதல் மாடியில் மனைவியின் ஜன்னல் ஞாபகம் வந்தது. இரண்டாம் மாடியில், இல்லத்தில் நர்ஸ் இருப்பாள், அம்மாளுக்கும் அதுதானே நல்லது என்று தோன்றியது. மூன்றாம் மாடியில், இவர்களில் எவனுக்கு அளவைப் பற்றித் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு. நாலாம் மாடியில் மூச்சு வாங்க நின்று, "பத்தாதும்மா" என்றான்.

"பத்தாதா?"

"இன்னும் ஒரு சாண் வேணும். பழைய கட்டடம், என்ன பண்றது."

அம்மாள் காகிதத்தை இரண்டாக மடித்தார். "சரி. நீங்க சொன்னா சரி" என்று சொல்லி, அவனுக்குக் காபி போட உள்ளே போனார். அந்தக் காபியையும் அவன் குடித்தான்.

வீட்டில் மனைவி கேட்டாள். "என்னங்க, இடம் பத்தலையா? அடுப்படி அலமாரிக்குள்ளகூட லிஃப்ட் வெச்சிடுவேன்னு ஒரு தடவை பீத்திக்கிட்டீங்களே."

"அது வேற, இது வேற."

அவள் அவன் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். மேற்கொண்டு ஏதாவது கேட்பாள் என்று பயந்தான். கேட்கவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அன்றிலிருந்து இருவரும் அந்த வீட்டைப் பற்றிப் பேசுவது நின்றுபோயிற்று.

கட்டடத்துக்காரர்கள் ஒரு கடிதம் வேறு அனுப்பினார்கள். "லிஃப்டால் முதல் லாபம் உங்களுக்கே என்றபோதும் உள்ளதை உள்ளபடி சொன்ன உங்கள் நேர்மைக்கு நன்றி" என்று எழுதியிருந்தது. அதைப் படித்தபோது காது மடல் வரை சூடேறியது. யாராவது திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பான். இதற்கு என்ன செய்வது? கடிதத்தை டூல் பெட்டியின் அடியில் போட்டான். வேலைக்கு ஸ்பானர் எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது.

இல்லத்துக்குப் போக இரண்டு வாரம் இருக்கும்போது அம்மாள் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை பழம் வேணாம். ஒரு வாளி ஏரித் தண்ணி கொண்டுவர முடியுமா? கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து தினமும் போய்க் கால் நனைப்பேன். இப்ப ஒரு வருஷமாச்சு. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை."

மனைவி வரமாட்டேன் என்றுவிட்டாள். தனியாகப் போனான். கரையில் குனிந்து வாளியை நிறைத்தான். வழியெல்லாம் தளும்பிப் பேன்ட் நனைந்தது. எழுபத்திரண்டு படி. அந்தக் கிணற்றைச் சுற்றிச் சுற்றித்தான் ஏற வேண்டும், பார்க்காமல் ஏற வழியில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். லிஃப்டைத் தாங்கும் இரும்புப் பட்டையை எங்கே பொருத்தலாம், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பாழாய்ப்போன கண் அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது.

அம்மாள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தி, வாளிக்குள் இரண்டு காலையும் வைத்தார். இடம் போதாமல் ஒரு பாதத்தின் மேல் இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டார். வாளி முழுக்கப் பாதங்கள்தான், ஏரி கொஞ்சம்தான் இருந்தது. லிஃப்ட்காரனால் அங்கே நிற்க முடியவில்லை.

"அம்மா, இன்னொரு தடவை அளந்து பார்க்கட்டுமா? அன்னைக்கு எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னு தோணுது."

அப்போதும் அரைப் பொய்தான் வந்தது வாயில். அம்மாள் கண்ணைத் திறக்காமலே கையைக் காட்டினார்.

"அந்த மேஜை டிராயரைத் திறங்க."

உள்ளே இரண்டாக மடித்த காகிதம். ஏதோ ஒரு லிஃப்ட் கம்பெனியின் விளம்பரத் தாள். நூறு, தொண்ணூற்று ஒன்பது, தொண்ணூற்று ஒன்பது, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு என்று பென்சிலில் அம்மாளின் சாய்ந்த எழுத்து. மேலே அச்சில், தேவையான குறைந்தபட்ச அகலம் தொண்ணூற்று மூன்று. அதன் அடியில் ஒரு கோடு இழுத்திருந்தது.

"அளவுல தப்பில்ல" என்றார் அம்மாள்.

திருடனுக்குத் தேள் கொட்டினது போல நின்றான். அன்று அவர் போட்டுக்கொடுத்த காபி இப்போது தொண்டைக்கு வந்தது. தெரிந்துதான் போட்டுக்கொடுத்தார்.

"கூட்டத்துல சொல்லியிருக்கலாமேம்மா. ஏன் சொல்லல?"

"கோவம் வந்தது. நாலு நாள் தூக்கம் இல்ல. அப்புறம் நினைச்சுப் பார்த்தேன். நான் எப்ப செத்துப்போவேன்னு ஒரு விலை வெச்சு வித்தது நான்தானே. வாங்கினவர் காத்திருக்காருன்னு குத்தம் சொல்ல முடியுமா?" கண்ணைத் திறந்தார். "நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன். அடுத்த வாரம் வரைக்கும்தான் பார்த்திருப்பேன். அப்புறம் இந்தக் காகிதத்தை எல்லார் வீட்டுக் கதவுக்கடியிலயும் போட்டிருப்பேன்."

லிஃப்ட்காரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்மாள் காலைத் தூக்கினார். அவன் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும். கேட்டா நீங்க உண்மையைச் சொல்லிடுவீங்களோன்னுதான் கேக்கல" என்றாள்.

அளந்ததில் தப்பு, இடம் பத்தும் என்று அவனே போய்க் கூட்டத்தில் சொன்னான், அம்மாளும் இல்லத்தில் சொல்லிவைத்த இடத்தை வேண்டாமென்றுவிட்டார். லிஃப்ட் வைக்க எட்டு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு திருகாணியையும் அவனே முடுக்கினான். முதல் ஓட்டத்துக்குக் கட்டடமே படிக்கட்டில் கூடி நின்றது. மனைவி ஒரு ஓரமாகப் பழக்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாள் கைத்தடியைத் தட்டி எல்லோரையும் அடக்கினார்.

"முதல்ல இவர் தப்பா அளந்துட்டார். அப்புறம் யாரும் கேக்காமலே திரும்பி வந்து, தப்புன்னு அவரே ஒத்துக்கிட்டார். இந்தக் காலத்துல அப்படி எத்தனை பேர் இருக்காங்க, சொல்லுங்க."

கை தட்டினார்கள். யாரோ அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். மனைவி கூடையில் இருந்த பழங்களை எண்ணுவது போலக் குனிந்துகொண்டாள்.

அம்மாளும் அவனும் மட்டும் உள்ளே ஏறினார்கள். கதவு மூடியது. இறங்கத் தொடங்கியதும் அம்மாள் அவன் பக்கம் திரும்பினார்.

"முகமெல்லாம் சிவந்திருக்கே. உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா" என்றான்.

எதிரே ஆளுயரக் கண்ணாடி. அவனே துடைத்துத் துடைத்துப் பொருத்தியது. நாலு மாடியும் இறங்கிக் கதவு திறக்கும்வரை, தலைக்கு மேலே மாறிக்கொண்டிருந்த மாடி எண்ணையே அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.