பூச்சுக்கு அடியில்

பூச்சுக்காரி எவர்சில்வர் தொட்டிக்குள் மண்டியிட்டு, கொப்புளம் கட்டியிருந்த பழைய பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பதெல்லாம் வீட்டுப் பாத்திரத்தோடு சரி. உப்புநீரை நிரப்பிவைத்தால் ஊசிமுனையளவு ஓட்டை போட்டு உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பிளாஸ்டிக் பூச்சு. பூசுமுன் சுவரில் வெறுங்கை படக்கூடாது. வியர்வையின் உப்பு அடியில் மாட்டிக்கொண்டால் அதுவே போதும்.

இதே தொட்டியில்தான் அவளுடைய அண்ணன் செத்தான். பூசுவதற்காகச் சுவரைத் துடைக்கும்போது மருந்து நெடி ஏறிவிட்டது. "அப்படியே சுருண்டு விழுந்துட்டாரும்மா, அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார் மேஸ்திரி. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி எழுந்து நடமாடினாள். இதே ஆலையில் வேலைக்கும் சேர்ந்தாள். உள்ளே ஆள் இருக்கும்வரை, தொட்டிச் சுவரில் ஆள் நுழையும் வாசல் துளைக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அண்ணன் போன பிறகுதான் அப்படியொரு வேலையே உண்டானது.

பெரிய கொப்புளம் ஒன்று தோலாக உரிந்து வந்தது. அடியில் துருப்புள்ளிகள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். புள்ளிகள் ஓர் உள்ளங்கையாயின. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிப் பாதியாகிப்போன சுண்டுவிரல். அண்ணனுடைய வெறுங்கை. அவனை எடுத்த கையோடு, வியர்வை பட்ட சுவரைத் துடைக்காமலே வேறு யாரோ பூசியிருக்கிறார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. அடுத்த கொப்புளத்தை உரித்தாள். இன்னொரு கை. அதற்கு மேலே இன்னொன்று. தரையோரம் தொடங்கி, கீழ்நோக்கி இழுபட்ட விரல்களோடு, வாசல் துளையை நோக்கி ஏறின. கடைசிக் கை துளையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே இருந்தது.

அவன் சுருண்டு விழவில்லை.

"என்னடி, பேச்சையே காணோம்?" வெளியிலிருந்து அண்ணி கேட்டாள்.

"இருக்கேன் அண்ணி."

"குரல் ஒரு மாதிரி இருக்கே. நெடி ஏறுதா?"

"துருதான். கொஞ்சம் ஆழமாப் போயிருக்கு. தேய்ச்சுப் பூசிட்டா சரியாயிடும்."

"உங்க அண்ணனும் இப்படித்தான். எதைக் கேட்டாலும் ஒண்ணுமில்லம்பாரு."

அவள் தேய்ப்பு மெஷினைப் போட்டாள். கீழே இருந்த கை முதலில் போனது. அந்த இடத்தில் உலோகம் பளபளத்தது. பிறகு அதற்கு மேலே இருந்தது. பாதுகாப்புக் கண்ணாடிக்குள் கண்ணீர் கட்டி எதுவும் தெரியவில்லை. கடைசிக் கைக்கு வந்ததும் மெஷின் தானாக நின்றதுபோல் நின்றது. அவள்தான் நிறுத்தியிருந்தாள்.

"போதும், வெளிய வா. வாடீன்னா." துளையை அண்ணியின் தோள் அடைத்தது, உள்ளே வெளிச்சம் குறைந்தது. "கையக் குடு."

கையுறையில்லாத அந்தக் கை விளிம்பைத் தாண்டி, இருட்டில் அவளைத் துழாவியபடி, சுவரோடு சுவராக, மிச்சமிருந்த அந்தக் கைத்தடத்தை நோக்கிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.