காணாமல் போன மூன்று அடி

கனடாவில், பிக்கரிங்குக்கு வடக்கே நின்ற அந்தப் பழைய மாளிகையில் மூன்று அடி காணாமல் போயிருந்தது. வெளியே அளந்தால் நாற்பத்தெட்டு. உள்ளே அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் நாற்பத்தைந்து. கஜனி மூன்று தரம் அளந்துவிட்டாள். கொழும்பில் எட்டு வருடம் வீட்டுப்படம் கீறிய கை, ஸ்காபரோத் தொழிற்சாலையில் நாலு வருடம் போத்தல் அடைத்ததில் எல்லாவற்றையும் மறந்துவிட்டதா? பழைய கட்டடங்களை அளந்து படம் கீறும் நிறுவனத்தில் ஒரு கிழமைப் பரீட்சை வேலை இது. முதலாளிக்குப் பிடித்தால் நிரந்தரம்.

நூற்றிருபது வருடத்துக்கு முன் ஒரு கோதுமை மா ஆலைக்காரர் கட்டிய வீடு. மஞ்சள் செங்கல், கூரான கூரை, முகப்பெல்லாம் மரப் பூவேலை. எசமானரும் வேலைக்காரரும் ஒரே படியில் ஏறிய அபூர்வ வீடு என்று முதலாளி எழுதிய அறிக்கையை நம்பித்தான் நகரசபை அதை இடிக்கக்கூடாத கட்டடமாக்கியது. மனுசனுக்கு அதில் பெரிய பெருமை.

குசினி அலுமாரியின் பின்பலகையைக் கஜனி தட்டினாள். கோறையாக ஒலித்தது. தள்ளினாள், திறந்துகொண்டது.

ஒடுங்கிய படிக்கட்டொன்று சுழன்று சுழன்று மேலே போனது. எங்கிருந்தோ பால் நிற வெளிச்சம் வழிந்தது. ஒவ்வொரு படியும் நடுவில் தேய்ந்திருந்தது. அந்தக் குழிகளில் அவளுடைய பாதம் தானாகவே பொருந்தியது. முன்னால் யாரோ வெந்நீர் வாளியோடு ஏறுவதுபோலவும், பின்னால் யாரோ மூச்சு வாங்குவதுபோலவும் இருந்தது. பயம் வரவில்லை. உச்சியில் முகட்டறை, சின்ன ஜன்னல், வெளியே முடிவில்லாத பனிவெளி. எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது.

இறங்கி வந்தபோது, அவளைச் சிபாரிசு செய்த மேற்பார்வையாளர் சச்சிதானந்தன் அலுமாரிக்குள் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தார். தொந்தி விடவில்லை.

“பிள்ளை, உந்தப் படியைத் தடிச்ச சுவர் எண்டு போட்டுவிடு. வேலைக்காரருக்கு வேறை படி இருந்ததெண்டு முதலாளியின்ரை அறிக்கை பொய்யாப்போனா உன்ரை வேலையும் போகும்.”

“ஏறி இறங்கித் தேய்ஞ்சுபோய்க் கிடக்கண்ணை. அவ்வளவு சனத்தையும் நான் எப்பிடிச் சுவர் எண்டு கீறுறது?”

கஜனி பத்தொன்பது படிகளையும் கீறி முடித்தாள். தாளின் மூலையில் ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. தானே அளக்காத எதற்கும் பதினைந்து வருடமாகக் கையெழுத்து வைக்காதவர் சச்சிதானந்தன். தாளை வாங்கினார், அலுமாரியின் இருட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு கையெழுத்து வைத்தார்.

கஜனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“தள்ளி நிண்டு அழு பிள்ளை,” என்றார் அவர். “தண்ணி பட்டா மை கரைஞ்சிடும்.”