மூன்றாம் பாடத்துக்கு இருபது பேர்

மெரெபேகா ஐம்பத்திரண்டு வயதில் படிக்க ஆரம்பித்தாள். ஆரம்பித்ததை ஊருக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கான அறிமுகச் சான்றிதழ்ப் படிப்பு. வகுப்புக்குப் போக வேண்டாம். கூரியர்காரர் மஞ்சள் பையில் புத்தகங்களைக் கொண்டுவந்து போடுவார். இவள் படித்து, பதில் எழுதி, திருப்பி அனுப்ப வேண்டும். ஹாமில்டனில் இருந்து ரே காலின்ஸ் என்ற ஆசிரியை பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஃபோனில் பேசுவாள். முகம் பார்க்காத படிப்பு என்பதால்தான் மெரெபேகா சேர்ந்ததே. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள், இன்றைக்கு அதே பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிறவள், பேனாவும் கையுமாக உட்கார்ந்தால் எங்கள் கடற்கரை சும்மா விடுமா? கிஸ்பர்ன் டவுன் வரைக்கும் சிரிப்பு கேட்கும்.

சிரிக்க முதல் ஆள் தயாராகவே இருந்தாள். கரரைனா, புருஷன் ஹோஹெபாவின் அக்கா. ஊர் கூடுகிற பொது இடமான எங்கள் மராயில் கல்யாணமோ சாவோ, சமையல்கட்டு அவள் கைக்குள்தான். ஒருநாள் மஞ்சள் பையைப் பார்த்துவிட்டு, பத்துப் பெண்கள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் வைத்து, "என்னடி மெரே, வக்கீலுக்குப் படிக்கிறியா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"அது ஹோஹெபாவோட தூண்டில் சாமான் அண்ணி," என்று வாய் கூசாமல் சொன்னாள் மெரெபேகா. சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

முதல் இரண்டு பாடம் தேறிவிட்டாள். அவள் தொழில் ரேவெனா ரொட்டி, உருளைக்கிழங்கு மாவைப் புளிக்கவைத்துச் சுடுகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் மாமனாரின் பழைய கேரவன் வண்டி துருப்பிடித்து நிற்கிறது. சான்றிதழ் கைக்கு வந்தால் அதில் கடை போடுவது என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தாள். இனிமேல் வாளியும் துடைப்பமும் வேண்டாம் என்பதுதான் அவள் ஆசை. அது மூன்றாம் பாடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

உங்கள் பொருளைச் சாப்பிட்ட இருபது பேரைக் கேளுங்கள். பெயர், வயது, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். என்ன குறை? வேறு யாருக்கு இதை வாங்கித் தருவீர்கள்?

பாடம் எழுதினவர்களுக்கு எங்கள் ஊர் தெரியாது. எங்களில் சாப்பாடு போட்டவள் "எப்படி இருந்தது" என்று கேட்க மாட்டாள். கேட்டால் மெச்சிக்கொள்ளச் சொல்லிக் கையேந்துகிறாள் என்று அர்த்தம். சாப்பிட்டவரும் குறை சொல்ல மாட்டார், கல்லைப் போட்டாலும் மென்று முழுங்கிவிட்டு நன்றி சொல்லி எழுந்துவிடுவார். மெரெபேகாவும் முயற்சி பண்ணாமல் இல்லை. கடைக்காரியிடம் போய், "போன வாரம் சாவு வீட்ல கொடுத்தாங்களே ரொட்டி..." என்று ஆரம்பித்தாள். அவள் நிமிர்ந்து பார்த்ததும் காது வரை சூடேறி, வேண்டாத தீப்பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். அனுப்ப வேண்டிய நாள் வந்துகொண்டே இருந்தது.

வியாழக்கிழமை மராயின் பெரிய வீட்டைப் பெருக்குவது அவள் முறை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பின் சுவர் முழுக்கச் செத்துப்போனவர்களின் படங்கள். வழக்கம்போல ஒவ்வொரு சட்டமாகத் துடைத்தாள். சட்டத்துக்கு அடியில் பெயர் இருந்தது, வயது இருந்தது. துணி பாதியில் நின்றது.

இந்தப் புத்தி எப்படி வந்தது என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். உயிரோடு இருக்கிறவர் பெயரில் பொய் எழுதினால் அவர் எதிரே வந்து நிற்பார். இவர்கள் வரப்போவதில்லை. அதோடு, இவர்களில் பாதிப்பேருக்கு அவள் கையாலேயே சோறு போட்டிருக்கிறாள், யார் எப்படிப் பேசுவார்கள் என்று அத்துபடி. தரையில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, சுவரைப் பார்த்துப் பார்த்து இருபது பேரையும் எழுதி முடித்தாள். கை தங்குதடையில்லாமல் ஓடியது. வெட்கக்கேடு என்னவென்றால், எழுதும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பாடத்தை அனுப்பிப் பதினைந்து நாள் கழித்து ரே காலின்ஸ் கூப்பிட்டாள். மெரெபேகாவின் கையெல்லாம் மாவு.

"மூணாம் பாடம் படிச்சேன்," என்றாள் ரே. "ஒவ்வொருத்தரும் எதிர்ல உக்காந்து பேசுற மாதிரியே இருக்கு. எப்படி எழுதினீங்க?"

"கேட்டேன், எழுதினேன். அவ்வளவுதான்."

"பதினொண்ணாவது ஆளு. ஹெனாரே டூடக்கி, எழுபத்தொண்ணு. இவரை எப்பப் பார்த்தீங்க?"

"போன மாசம். சனிக்கிழமையா இருக்கும்."

"உடம்பு எப்படி இருந்துச்சு?"

"நல்லாதான் இருந்தார். கால்தான் கொஞ்சம் வலின்னார்."

 மறுமுனையில் காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. ரே வாசித்தாள். "‘ரொட்டி ரொம்ப நல்லா இருக்கும்மா. வேற யாருக்குன்னா, என் மகளுக்கு. அவ வந்தா ரெண்டு எடுத்து வை.’ இப்படி எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"ரேன்னு கூப்பிடுறது இங்க உள்ளவங்க. காலின்ஸ் என் புருஷன் பேரு. நான் ரஹேரா டூடக்கி. அந்த மக நான்தான்."

 ஹெனாரே செத்துப் பதினாலு வருஷம் ஆகிறது. அவருடைய மகள் பத்தொன்பது வயதில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஊரை விட்டுப் போனாள் என்பதும், சாவுக்குக்கூட வரவில்லை என்பதும் ஊரறிந்த கதை. அவள் ஏதோ வெள்ளைக்காரப் பெயரோடு ஹாமில்டனில் உட்கார்ந்து பாடம் திருத்துவாள் என்று யார் கண்டது? பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது இவளுக்கு.

"வர்ற சனிக்கிழமை அங்க வர்றேன்," என்றாள் ரஹேரா. "பாடத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்." ஃபோனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாளே கரரைனா வாசலில் வந்து நின்றாள். இதோ தொலைந்தோம் என்று நினைத்தாள் மெரெபேகா. ஆனால் கரரைனாவின் கண் கலங்கியிருந்தது.

"ரஹேரா ஃபோன் பண்ணினா. உனக்குப் பாடம் சொல்லித்தர்றதே அவதானாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னடி? ஹெனாரே மாமாவைப் பத்தி நீ ஏதோ எழுதியிருந்தியாம். அதைப் படிச்சுட்டுத்தான் வரணும்னு தோணுச்சாம் அவளுக்கு. நாங்க இத்தனை வருஷம் முட்டிக்கிட்டும் நடக்காதது, நீ ஒரு காகிதத்துல பண்ணிட்டே."

மெரெபேகா வாயைத் திறந்தாள். அதற்குள் கரரைனா அவளைக் கட்டிக்கொண்டு, சனிக்கிழமைக்கு எத்தனை கிழங்கு வேண்டும் என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஹோஹெபாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "படத்தைப் பார்த்தா எழுதினே?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டான். அப்புறம், "சரி, விடு. அவளே மூடி மறைச்சுட்டா. நீ ஏன் போய்க் கிளறணும்? வாயை மூடிக்கிட்டு இரு," என்றான். அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். அவளுக்கும் அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தது.

சனிக்கிழமை ஊரே கூடிவிட்டது. சாவுக்குப் பின் முதல்முறை வருகிற மகள் அல்லவா, ஹெனாரேயின் படத்தைச் சுவரில் இருந்து எடுத்து முகப்பில் பாய் போட்டு வைக்க வேண்டும். "மெரே எடுத்துட்டு வரட்டும்," என்றாள் கரரைனா. "அதுக்கு அவளுக்குத்தான் தகுதி." மெரெபேகா அந்தச் சட்டத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்தாள். தலை நிமிரவே இல்லை. அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள் எல்லோரும்.

பெண்கள் வழக்கப்படி குரலெடுத்து வந்தவளை உள்ளே அழைத்தார்கள். ரஹேரா கறுப்பு உடுப்பில் தனியாகப் புல்வெளியைக் கடந்து வந்தாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும், அதே அகலமான தாடை. படத்துக்கு எதிரே வந்து நின்று அழுதாள், ஊரும் கூட நின்று அழுதது. பேச்சு, பாட்டு எல்லாம் முடிந்து, வரிசையாக எங்கள் வழக்கப்படி மூக்கோடு மூக்கு ஒற்றி வணக்கம் சொன்னபோது மெரெபேகாவின் முறை வந்தது. ரஹேரா அவள் தோளைப் பிடித்து, "நான் யார்கிட்டயும் சொல்லல," என்று காதில் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

படத்தைத் திரும்ப மாட்டிவிட்டு எல்லோரும் உள்ளே தரையில் விரித்த மெத்தைகளில் உட்கார்ந்தார்கள். கரரைனா எழுந்து மெரெபேகாவுக்கு நன்றி சொன்னாள். படிப்பைக் கேலி பண்ணினதுக்கு ஊர் முன்னால் மன்னிப்பும் கேட்டாள். அந்த வாயில் இருந்து அப்படி ஒரு சொல்லை எவரும் கேட்டதில்லை. "கடைசி ரெண்டு மாசம் மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனதும் இவதான்," என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அது ரஹேராவுக்குத் தெரியாது போலிருக்கிறது. சட்டென்று திரும்பினாள்.

"நீங்களா அக்கா?"

"ஆமா."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நெஜமா, அப்பா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

 எல்லாக் கண்ணும் மெரெபேகா மேல். ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக வந்து உட்கார்ந்தது. உன் பேரைச் சொல்லிக்கிட்டேதாம்மா போனார். சொன்னால் யாருக்கு நஷ்டம்? மகள் நிம்மதியாகத் திரும்பிப் போவாள், ஊர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும், பாடம்கூடத் தேறிவிடும். மூலையில் இருந்த ஹோஹெபா, சொல்லித் தொலை என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

"இல்லம்மா," என்றாள் மெரெபேகா. "ஒண்ணும் சொல்லல. ஒரு நாள் நானாத்தான் கேட்டேன், ரஹேராவுக்குச் சொல்லி அனுப்பட்டுமான்னு. தட்டைத் தள்ளி வெச்சுட்டு, ‘எனக்கு மக கிடையாது’ன்னார். அப்புறம் நான் கேக்கல."

 நிறுத்தினால் இனி வராது என்று அவளுக்குத் தெரிந்தது, நிறுத்தவில்லை. "நான் எழுதினது அத்தனையும் பொய். பாடத்துக்கு இருபது பேர் வேணும். உங்க யாரையும் கேக்க வெட்கமா இருந்துச்சு. இந்தச் சுவர்ல இருக்கிறவங்க பேரை வரிசையா எழுதி, அவங்க வாயில நானே பேச்சைப் போட்டேன். இருபது பேரும் இங்கதான் இருக்காங்க." சுவரைக் காட்டப் போன கை பாதியிலேயே இறங்கிவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எவ்வளவோ தேவலை. சுவரில் தன் அம்மாவின் படம் இருந்தவள் ஒருத்தி எழுந்து வெளியே போனாள். கரரைனாவின் முகம் கறுத்துப்போனது.

"எங்களைக் கேக்க வெட்கமா இருந்துச்சு," என்றாள் மெதுவாக. "இவங்ககிட்ட இல்லையாடி?"

 மெரெபேகா கூனிக் குறுகி அங்கேயே நின்றாள். 

ரஹேராதான் பேசினாள். குரலில் கோபம் இல்லை. "எனக்கு மக கிடையாது. அதேதான். நான் கிளம்பின அன்னிக்கு வாசல்ல நின்னு சொன்னதும் அதேதான். அதுதான் எங்க அப்பா." கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். "நீங்க எழுதினது பொய்னு முதல் வரியிலயே தெரிஞ்சுபோச்சு அக்கா. செத்தவர்ங்கறது இருக்கட்டும், அவர் எதையுமே நல்லா இருக்குன்னு சொன்ன ஆளு இல்ல. தெரிஞ்சும் தினம் எடுத்துப் படிச்சேன். பத்து நாள். அவ வந்தா ரெண்டு எடுத்து வை, அவ வந்தா ரெண்டு எடுத்து வை... அதுக்கு அப்புறம்தான் உங்களுக்கு ஃபோன் பண்ணினேன்."

அந்த நிமிஷம் வரைக்கும் மெரெபேகா அகப்பட்டுக்கொண்டதற்காகத்தான் வெட்கப்பட்டிருந்தாள். அந்தப் பத்து நாளைக் கேட்ட பிறகுதான் எழுதினதற்காகவே வெட்கம் வந்தது. ரஹேராவின் பக்கத்தில், மெத்தையில் பாதியும் தரையில் பாதியுமாக உட்கார்ந்தாள். ரஹேரா நகர்ந்து இடம் விடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.